கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு பூட்ஸ்

"அண்ணனோட பூட்ஸ் இல்லாம இந்த வாசலை விட்டு நான் நகரப்போறதில்ல" என்றபடி செயலாளர் அழைப்பு மணியை இன்னொரு முறை அழுத்தினார்.

"முதல்ல கதவைத் திறக்கட்டும் சார்" என்றார் வேன் டிரைவர்.

செயலாளர் என்றால் கால்பந்து கிளப்பின் ரசிகர் மன்றச் செயலாளர். 'பீரங்கி' என்று ஊரே கொண்டாடிய பழைய ஆட்டக்காரர் போன மாதம் காலமானதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. துக்கம் மட்டும் காரணம் அல்ல. நினைவுக் குழுவுக்குத் தலைவர் யார் என்று மாலையில் கூட்டம் கூடுகிறது. பீரங்கியின் பூட்ஸை யார் கொண்டுவருகிறாரோ அவருக்குத்தான் நாற்காலி என்று பேச்சு. கிளப் வாசலில் கண்ணாடிப் பெட்டி தயார். உள்ளே விளக்குகூட எரிகிறது. 'வழங்கியவர்' என்று போட்டுத் தன் பெயரையும் பொறித்து வைத்துவிட்டார். பூட்ஸ் ஒன்றுதான் பாக்கி.

கதவைத் திறந்தது பீரங்கியின் மகள். தடை ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவள், இப்போது பயிற்சியாளர். அந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தான். மகன் கோல்கீப்பர், அம்மா ஒருகாலத்தில் வாலிபால் ஆடியவர். கொடியில் காய்வதில் பாதி ஜெர்சி.

செயலாளர் ஷூவைக் கழற்றக் குனிந்தார். பிறவியிலேயே அவருக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. அந்தக் கால் ஷூவுக்கு மட்டும் அடித்தோல் கனமாக வைத்துத் தைத்திருக்கும். 'இந்தக் காலை வச்சுக்கிட்டு ஒரு மேட்ச் விட்டதில்ல' என்று அவர் ஆரம்பிக்காத மேடைப் பேச்சே கிடையாது.

"கழற்ற வேண்டாம் அங்கிள், அப்படியே வாங்க" என்றாள் மகள். அவர் நடந்துவந்து சோபாவில் உட்காரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். மரியாதை தெரிந்த பெண் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார்.

பீரங்கியின் மனைவி, செயலாளருக்கு 'அண்ணி', வந்து எதிரே உட்கார்ந்தார். செயலாளர் வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, காலமெல்லாம் பீரங்கியோடு குடித்தனம் நடத்தியவருக்கே பீரங்கி யார் என்று விளக்கத் தொடங்கினார்.

"அவர் மனுஷன் இல்ல அண்ணி, தெய்வம். அவர் ஜெயிச்சாலும் தோத்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான்."

"அப்படியா" என்றார் அண்ணி.

"அந்தக் கடைசி மேட்ச்ல பெனால்டியை வெளிய அடிச்சாரே, நாங்க ஒரு வார்த்தை சொல்லியிருப்போமா?"

"ஸ்டேடியமே திட்டிச்சே சார்" என்றார் டிரைவர்.

"அது எதிர் டீம்காரனுங்க" என்று செயலாளர் அவரை முறைத்தார். "எறிஞ்சதும் அவனுங்கதான். கருங்கல்லு அண்ணி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். புருவத்துல பட்டு ரத்தமாக் கொட்டுச்சு. அந்தக் கண்ணு மங்கினதோட அவர் ஆட்டமே முடிஞ்சுபோச்சு. எறிஞ்சவன் மட்டும் என் கையில கிடைச்சா..."

"கிடைச்சா?" என்று கேட்டாள் மகள்.

"தோலை உரிச்சுத் தொங்கவிட்டுருவேன்."

டிரைவருக்கும் உணர்ச்சி வந்துவிட்டது. "அன்னைக்கு இவரை நீங்க பார்த்திருக்கணும்மா. எல்லாரும் கிளம்பிப் போயாச்சு. இவர் மட்டும் கிளப் கொடியைப் பாதம் வரைக்கும் போர்த்திக்கிட்டு படியில உட்கார்ந்துட்டார். துக்கத்துல ஒரு அடி எடுத்து வைக்க முடியல. நான்தான் முதுகுல தூக்கிட்டுப் போய் வீட்டுல இறக்கினேன். ஆளும் சாமானியக் கனம் இல்ல."

"அதெல்லாம் எதுக்குய்யா இப்ப" என்று செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். மன்றத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு அடக்கத்தைப் பார்த்ததில்லை.

"அவ்வளவு பாசமா" என்றார் அண்ணி.

இதுதான் சமயம் என்று செயலாளர் விஷயத்துக்கு வந்தார். அண்ணி உதட்டைப் பிதுக்கினார்.

"அவர் பூட்ஸ் எதுவும் இல்லையேப்பா. கிரவுண்டுல பசங்க கேட்டா அங்கேயே கழட்டிக் குடுத்துட்டு வெறுங்காலோட வீட்டுக்கு வர்ற ஆளு அவர்."

காலிப் பெட்டியும், எரியும் விளக்கும், கீழே தன் பெயரும் செயலாளரின் கண்முன் வந்து நின்றன. மாலைக் கூட்டத்தில் எதிர்க் கோஷ்டி சிரிக்கும் சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது.

"ஒண்ணுகூடவா இல்ல அண்ணி? கிழிஞ்சதா இருந்தாலும் பரவாயில்ல."

அண்ணி மகளைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. பூட்ஸ் இல்ல, ஆனா கால்ல போடுறதுதான். கப்பு, மெடல் எல்லாம் தூசி படிஞ்சு கிடக்கும். அதை மட்டும் அவரே துடைச்சு பாலிஷ் போட்டு வைப்பார்."

போன உயிர் செயலாளருக்குத் திரும்பி வந்தது. "அண்ணன் மேல பட்டது எதுவா இருந்தாலும் எங்களுக்குப் போதும். அதை வச்சுக் கும்பிடுவோம்."

"பட்டதுதான்" என்றார் அண்ணி.

மகள் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். படம் எடுக்க டிரைவர் போனைத் தூக்கிப் பிடித்தார். செயலாளர் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சோகமாகச் சிரித்து, மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒற்றை ஷூ. இடது கால். பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தது. அடித்தோல் மட்டும் மூன்று விரல் கனம்.

"'இது கடையில கிடைக்காது, சொல்லித்தான் செய்யணும். பாவம், இது இல்லாம அன்னைக்கு எப்படி வீட்டுக்குப் போனாரோ'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்" என்றார் அண்ணி.

டிரைவர் போனை மெல்லக் கீழே இறக்கினார்.

"போட்டுப் பாருங்க அங்கிள்" என்றாள் மகள். "கண்ணாடிப் பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி, அளவு சரியா இருக்கான்னு."