ஆறாம் மாடியில் அறுபத்திரண்டு கிலோ

லிஃப்ட்டை இயக்கும் புதுச் செயலிச் சில்லு ஓர் அவசரக்குடுக்கை. முதலில் மாடி எண், பிறகு 'புறப்படு' என்று எழுதச் சொன்னால் வரிசையைத் தானே மாற்றிக்கொள்ளும். நாளை அதை ஆஸ்பத்திரியில் பொருத்தியாக வேண்டும். நிரல் எழுதும் அக்கா இரண்டுக்கும் நடுவே, 'முந்தையது முடியும்வரை நில்' என்று ஒரு தடை வைத்தாள். லிஃப்ட் அடங்கியது, பதிவேடு அடங்கவில்லை. ஆறாம் மாடியில் அறுபத்திரண்டு கிலோ இறங்கியதாம். தரைத்தளத்தில் ஏறியது அதற்குப் பிறகாம்.

"உங்க வெயிட்டுதான்க்கா," என்றான் பக்கத்து மேசைச் சோதனைக்காரன்.

"இன்னிக்கு இதை ஒரு வழி பண்ணாம விடமாட்டேன். நானே ஏறிப் பாக்குறேன்."

படியில் இறங்கிப் போய், லிஃப்ட்டில் ஏறி, ஆறாம் மாடியில் இருந்த தன் மேசைக்கே திரும்பி வந்தாள்.

"என்னக்கா, மறுபடியுமா? இப்பதானே லிஃப்ட்ல வந்து, ரெண்டாவது தடையைப் போட்டுட்டு, படியில இறங்கிப் போனீங்க!"

நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்து மூன்றாவது தடையைத் தட்ட ஆரம்பித்தாள்.