பத்து மணி

அந்தச் சுவிஸ் கம்பெனிக்குப் பல தலைமுறையாக ஒரு வழக்கம். விற்பனைக்கு வைக்கும் கடிகாரத்தில் முட்கள் மணி பத்து பத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் கம்பெனியின் பெயர் மறையாது, கடிகாரமும் சிரிப்பதுபோல் இருக்கும். கடையில் அப்படித் திருப்பி வைப்பது ஜெசிந்தாவின் வேலை. மகனை அடக்கம் செய்துவிட்டு இன்றுதான் வந்திருந்தாள். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நர்ஸிடம், "பத்து பத்துன்னு எழுதிக்கம்மா" என்றது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

மேனேஜர் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. எல்லாம் பத்து மணியில் நின்றன.

"என்ன ஜெசிந்தா, பேரு மேலயே முள்ளு நிக்குது?"

"இன்னிக்கு மட்டும் இருக்கட்டும் சார்," என்றாள் அவள். "பத்து மணிக்கு என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சான் சார்."