சின்னத் தோட்டா

கனடாவின் லவால் நகர வேட்டைக்கடையில், தன் மான்வேட்டைத் துப்பாக்கிக்கென்று சின்னதும் பெரியதுமான இரண்டு தோட்டாக்களைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறிய றஜிந்தன், அக்காவின் கணவர் யோசெப்பிடம் கேட்டான்.

"அத்தான், துவக்குப் பாரமில்லை. முந்நூறு மீற்றருக்கும் குண்டு தாழாமல் போகவேணும். எது நல்லது?"

"அவரிட்டயோ கேக்கிறாய்? கோழி வெட்டினாலே கண்ணை மூடுற மனுசன்!" என்று அக்கா ஜொய்சி சிரித்தாள்.

யோசெப் சின்னதைத் தொட்டார். "இது. பாரமில்லாத துவக்கிலை பெரிசைப் போட்டால் தோளிலை உதைக்கும். அடுத்த வெடிக்குக் குறி பிசகும்."

"அடேயப்பா! எத்தினை மான் சுட்டனீங்கள்?" என்றான் றஜிந்தன்.

யோசெப் நிமிரவில்லை. "மான் ஒண்டும் சுடேல்லை."

ஜொய்சியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர், பெரும் பாவத்தோடு வாங்கக்கூடாத நற்கருணையை வாங்க ஒருநாளும் எழும்பாதது ஏனென்று அவள் இனிக் கேட்கமாட்டாள்.