குறுக்கே பேசாதீங்க

சோதனை அறை மேசையில் மதிய வெயில் பாதிவரை வந்து நிற்கிறது. நோயாளி படுத்தபடியே செவிலியரை அழைக்கும் சிவப்புப் பொத்தான் அதன் நடுவில் இருக்கிறது. இன்றே அது லாரி ஏற வேண்டும். சோதனைப் பிரிவு அக்கா அதை அழுத்துகிறார். செவிலியருக்கான விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் குறுக்கீடுகளின் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே கிடக்கிறது. அழுத்திய கணமே பொத்தான் கணினியின் வேலையை மறித்துச் சொல்வதுதான் குறுக்கீடு. பக்கத்தில் நிற்பவன் எழுதிய டிரைவர், அதாவது பொத்தானைக் கணினியோடு இணைக்கும் நிரல், அதற்குக் காது கொடுப்பதே இல்லை. அவ்வப்போது தானே போய், அழுத்தினார்களா என்று பொத்தானை விசாரித்துவிட்டு வருகிறது.

“விளக்கு எரியுதேக்கா.”

“சும்மா இருக்கும்போது எரியும்பா. வேலை கூடினா?”

அக்கா கணினிக்குப் பெரிய வேலையொன்றைக் கொடுத்துவிட்டு மறுபடி அழுத்துகிறார். கணினி விசிறியின் இரைச்சல் கூடுகிறது. விளக்கு எரியவில்லை. காலைக் கூட்டத்தில் இதைக் கேட்கத்தான் அவர் வாயெடுத்தார். “குறுக்கே பேசாதீங்கக்கா, குறுக்கீட்டையெல்லாம் என் டிரைவர் பாத்துக்கும்” என்று அவன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா இப்போது அதைச் சொல்லிக்காட்டவில்லை. பொத்தானில் படிந்த விரல் தடத்தைத் துணியால் மெல்லத் துடைக்கிறார். அவனுக்குக் காது மடல் சுடுகிறது.

மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். “என்னப்பா, ஏத்திடலாமா?”

அக்கா துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

“வேணாம் சார். குறுக்கீடு வேலை செய்யாது. நான் அதை எழுதவே இல்ல.”

விசிறி இரைச்சலில் மேலாளருக்குக் கேட்கவில்லை. காதருகே கையைக் குவித்துக்கொண்டு, “என்ன?” என்கிறார்.

அவன் அதையே மறுபடியும், இந்த முறை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.