கண்ணாடி கழற்றாத விருந்தாளிகள்

பெண் பார்க்க வந்த ஐந்து பேரும் கூடத்தின் ஓரமாக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் விரித்திருந்த பெரிய பாய் காலியாகக் கிடந்தது. ஐந்து பேரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். பேர்போன கொலை நடந்த வீடு என்றால், பிணம் விழுந்து கிடந்த காட்சியை அதே இடத்தில் படமாகக் காட்டும் கண்ணாடி அது. பாயின் மேல் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது தன் அக்காவை என்று செண்பகவல்லிக்குத் தெரியும்.

இது மகளுக்கு வந்த மூன்றாவது வரன். முதல் இரண்டும் இந்தக் கூடத்தைப் பார்த்ததோடு நின்றுபோயின. அக்கா சம்பாதித்துக் கட்டிய வீட்டை விற்கச் செண்பகவல்லிக்கு மனமில்லை.

“அந்தக் கொலகாரன் சன்னல் வழியாத்தானே வந்தான்?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. “இந்தக் கொலையப் பத்தி வந்த தொடர்ல பதினாலு பாகமும் பாத்துட்டோங்க. ஜெயில்ல அவனுக்குத் தெனம் ரெண்டு முட்டையாம்.”

“செத்தவ பேரு சொன்னாங்களா?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

அந்த அம்மாள் மகனைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை.

காபித் தட்டோடு வந்த மகள் மதிவதனி, நேராகப் பாயின் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஐந்து பேரும் பதறினார்கள்.

“ஐயோ, அது மேலயே உக்காந்துட்டியேம்மா.”

“அது இல்லீங்க. எங்க பெரியம்மா. பேரு தமயந்தி,” என்றாள் மதிவதனி. “என்னைப் பாக்கத்தானே வந்தீங்க? கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க. இல்லன்னா கெளம்புங்க.”

யாருடைய கையும் கண்ணாடிக்குப் போகவில்லை.

செண்பகவல்லி மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு வைத்திருந்த தம்ளரை எடுத்து, ஆறுவதற்குள் குடிக்க ஆரம்பித்தாள்.