உறை பிரிக்காத தட்டு

குணசீலன் வீட்டு ரெக்கார்டு பிளேயரின் ஊசிக்கு நாலு மாதமாக வேலையில்லை. "ஜப்பானிலிருந்து ஒரு இசைத்தட்டு வருது, இனிமே அதைத்தான் கேக்கப்போறேன்" என்று அவர் சொன்னதை நம்பி அது காத்துக் கிடந்தது.

தட்டு அங்கே கிளம்புவதற்குள் அனுப்புகிற கூலி ஏறியது. இங்கே வந்து இறங்குவதற்குள் சுங்கவரியும் ஏறியது. தட்டின் விலையைவிட அதைக் கொண்டுவந்த செலவு மூன்று மடங்கு. குணசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார்.

தட்டு கைக்கு வந்ததும், "இவ்வளவு கொட்டி வாங்கினதுல கீறல் விழ விடுவேனா?" என்று, உறையைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேலே சௌகரியமா இருக்கியா?" என்று கேட்டது.

"எனக்கென்ன குறை? வர்றவங்க எல்லாரும் என் விலையைக் கேட்டு அசந்து போறாங்க" என்றது தட்டு.

சாயங்காலம் குணசீலன் அந்தத் தட்டில் இருக்கிற அதே பாட்டைச் செல்போனில் போட்டுவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். காசில்லாமல் வந்த பாட்டு அறையெல்லாம் நிறைந்தது.

பாட்டு முடிந்ததும் தட்டு மெல்லக் கேட்டது: "ரொம்ப நல்லாயிருக்கே. யாரோட பாட்டு இது?"

கூரான வாய்தான். ஆனாலும் ஊசிக்கு அதைச் சொல்ல மனசு வரவில்லை.