லாரிக்காகக் கட்டிய ஆடு

புது லாரிக்கு இது முதல் நடை. சுமை இறங்கியதும் ஆட்டை அறுத்து, ரத்தத்தைச் சக்கரத்தில் தடவி, கறியைச் சுமையாட்களுக்குப் போட வேண்டும். பிஷ்கேக் சந்தையில் அதுதான் வழக்கம். ஆடு பனியில் நின்று கத்துகிறது. சுமை இறக்கும் பலகையில் வழுக்கி உருண்ட எண்ணெய்ப் பீப்பாய் சுமையாள் தொக்தோசுனின் கையைச் சக்கரத்தோடு வைத்து நசுக்கிவிட்டது. இப்போதுதான் பீப்பாயை நகர்த்துகிறார்கள். விரல்கள் இருந்த இடத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. டயரில் ஆவி பறக்க வழியும் ரத்தத்தையே பார்க்கிறான். முதலாளி அசான்குலும் குனிந்து அதைத்தான் பார்க்கிறார். அவர் முகம் மலர்கிறது. "சக்கரத்துல ரத்தம் பட்டாச்சுல்ல? அப்புறம் என்ன, ஆட்டை அவுத்து விடுங்கப்பா." கயிறு அவிழ்கிறது. கத்தியைத் தீட்டி வைத்திருந்த கூட்டாளி தொக்தோசுனின் காதருகே குனிந்து பல்லைக் கடிக்கிறான். "உன்னால கறி போச்சேடா, பாவி!"